வாழ்க்கை வரலாறு எழுதுவது யார் வேலை?

(பூதிகோட்டையில் நடந்த சங்கக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கட்டுச்சோறு கொண்டு வந்திருக்கிறோம். கோட்டையைப் பார்க்க வேண்டும், சாப்பிட வேண்டும், பிள்ளைகள் விளையாட வேண்டும். அதற்கு முன்னால் அரைமணி நேரம் பேசுங்கள் என்று செயலாளர் கட்டளையிட்டிருக்கிறார். ரயில்வேக் குமாஸ்தாக்கள் நாங்கள். குறித்த நேரத்தில் புறப்பட்டு, குறித்த நேரத்தில் போய்ச் சேர முயல்கிறோம். தாமதமானால் மன்னிக்க வேண்டும். நம் நாட்டில் வண்டி தாமதமாவது புதிதல்ல.

இன்று நாம் எடுத்துக் கொண்ட பொருள் இது: ஒரு மனிதருடைய வாழ்க்கையை யார் எழுதுகிறார்கள், எதை வைத்து எழுதுகிறார்கள்? அதிலும், பாதிப்பேர் தூக்கி வைத்துக் கொண்டாடி, பாதிப்பேர் தூற்றுகிற மனிதருடைய வாழ்க்கையை எழுதுவது எப்படி? பூதிகோட்டையில் நின்று கொண்டு கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

இந்த மண்ணில் பிறந்தவர்

ஹைதர் அலி பிறந்த ஊர் இது. தகப்பனார் பத்தே முகம்மது சிரா ஆட்சியாளரிடம் படைத்தலைவராக இருந்தவர். மகன் மைசூர்ப் படையில் சேர்ந்து, தன் திறமையால் உயர்ந்து, மைசூர் நாட்டையே ஆண்டார். வெள்ளைக்காரக் கம்பெனியோடு இரண்டு பெரிய போர்கள் நடத்தினார். இரண்டாவது போர் நடந்து கொண்டிருக்கும்போதே, 1782 டிசம்பரில், சித்தூர்ப் பக்கத்துப் பாசறையில் இறந்தார்.

அவர் எந்த ஆண்டு பிறந்தார்? ஒரு புத்தகம் 1720 என்கிறது. இன்னொன்று 1722 என்கிறது. நாட்டை ஆண்டவருக்கே பிறந்த தேதி சரியாக இல்லை. ரேஷன் அட்டையில் ஒரு வயது, ஆதார் அட்டையில் ஒரு வயது என்று நம் வீட்டுப் பாட்டிகள் அலைவதில் என்ன ஆச்சரியம்!

ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் கதையைத் தானே எழுதி வைக்க அவரால் இயலவில்லை. ஆகவே மற்றவர்கள் எழுதினார்கள். அரண்மனை ஊழியத்தில் இருந்த மீர் ஹுசேன் அலி கிர்மானி பாரசீக மொழியில் எழுதினார். அவர் ஹைதரிடமும் திப்புவிடமும் வேலை பார்த்தவர், விசுவாசத்தோடு எழுதினார். மார்க் வில்க்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1810 முதல் 1817 வரை மூன்று பாகங்களாகத் தென்னிந்திய வரலாறு எழுதினார். திப்பு சீரங்கப்பட்டணத்தில் விழுந்தது 1799ல். வென்றவர்களின் அதிகாரி, தோற்றவர்களின் கதையை எழுதினார்.

நம் கதைக்கு வருவோம். நம்முடைய பாட்டன் முப்பாட்டன்மார் பெரும்பாலும் வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ச் சீமையிலிருந்தும் இந்தத் தங்கவயலுக்கு வந்தவர்கள். 1780ல் ஹைதரின் குதிரைப்படை இறங்கிய பூமி அது. 'ஐதர் கலாபம்' என்று தமிழ்நாட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். எரிந்த ஊர்கள், ஓடிய குடும்பங்கள், விதைக்க ஆளில்லாத வயல்கள். அந்தச் சீமையிலிருந்து வந்த நாம், அவர் பிறந்த ஊரில் உட்கார்ந்து சோறு சாப்பிடப் போகிறோம்.

அப்படியானால் அவர் வீரரா, கொடியவரா? கம்பெனியின் பீரங்கிக்கு அஞ்சாத வீரர் என்பது உண்மை. நம் ஊர்களில் அவர் படை போன வழியில் பயிர் கருகியது என்பதும் உண்மை. ஒரு உண்மையைச் சொல்ல இன்னொரு உண்மையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அரசியல் மேடைக்கு இந்த நிதானம் பிடிப்பதில்லை. 2015ல் கர்நாடக அரசு திப்பு ஜெயந்தி கொண்டாடத் தொடங்கியது. குடகில் கலவரம் மூண்டு உயிர்ச்சேதம் ஆயிற்று. 2019ல் வேறு ஆட்சி வந்ததும் விழாவை ரத்து செய்தது. இறந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலான ஒருவரை வைத்து, உயிரோடு இருக்கிறவர்கள் மோதிக் கொண்டார்கள். வாழ்க்கை வரலாறு வெறும் பொழுதுபோக்குப் புத்தகமல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நம் ஜங்ஷனின் பழைய பெயர்

நாம் இன்று பங்காரப்பேட்டை ஜங்ஷன் வழியாக வந்தோம். தங்கவயல் இளைஞர்கள் விடியற்காலையில் பெங்களூர் வேலைக்குப் போகிற வண்டியும் அந்த வழிதான். அந்த ஜங்ஷனுக்குப் பழைய பெயர் பவுரிங்பேட்டை. பழைய ரயில்வேக்காரர்கள் கடைசி வரை அப்படித்தான் சொல்வார்கள். பெயர்ப் பலகை மாறி எத்தனையோ காலமாயிற்று. ஆனாலும் ஸ்டேஷனுக்கு உரிய மூன்றெழுத்து ஆங்கிலக் குறி இன்றும் பவுரிங்பேட்டைக்கு வைத்த குறிதான். உங்கள் கையிலுள்ள டிக்கெட்டுக்குப் பின்னாலே ஒரு வெள்ளைக்காரத் துரை உட்கார்ந்திருக்கிறார்.

யார் அந்தத் துரை? லெவின் பவுரிங். 1862 முதல் 1870 வரை மைசூர் நாட்டின் கமிஷனர். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு ரயில் பாதை வந்தது 1864ல், அவருடைய காலத்தில். மாரிகுப்பத்துக்குக் கிளைப்பாதை பிறகு 1894ல் வந்தது, நம் முன்னோர் வெட்டிய தங்கத்துக்காக.

இந்தப் பவுரிங் துரைதான், ஓய்வு பெற்று இங்கிலாந்து போனபின், 1893ல் ஹைதர் அலி, திப்பு சுல்தான் இருவருடைய வரலாற்றையும் ஒரு நூலாக எழுதினார். தென்னாட்டு முஸ்லிம் ஆட்சிகளோடு நடந்த போராட்டம் என்று தலைப்பிலேயே போட்டார். கம்பெனிக்கும் ஒரு நாட்டு அரசுக்கும் நடந்த சண்டை, தலைப்பிலேயே மதச் சண்டையாகி விட்டது! நூலுக்குள்ளே ஹைதரின் துணிச்சலையும் போர்த் திறமையையும் அவர் மறுக்கவில்லை. ஆனாலும் தலைப்பு செய்கிற வேலையைத் தலைப்பு செய்து விடுகிறது. அட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

பூதிகோட்டையில் பிறந்தவருடைய கதையை பவுரிங்பேட்டைக்காரர் எழுதினார். இடையில் இருப்பது சில மைல் தூரம்தான். ஆனால் ஆண்டவனுக்கும் ஆளப்பட்டவனுக்கும் இடையே உள்ள தூரம் அது. 1941ல்தான் நரேந்திர கிருஷ்ண சின்ஹா என்ற வங்காளப் பேராசிரியர், கம்பெனிக் காகிதங்களோடு நின்றுவிடாமல் மற்றவர்களுடைய ஆவணங்களையும் புரட்டி, ஹைதரைப் பற்றி ஒரு ஆராய்ச்சி நூல் கொண்டு வந்தார். ஹைதர் இறந்து அதற்குள் 159 ஆண்டுகள் ஆகிவிட்டன.

பம்பாயில் ஒரு குமாஸ்தா

சரி, எதிரி எழுதலாம், ஊழியன் எழுதலாம், பேராசிரியர் எழுதலாம். நம்மைப் போன்ற ஒரு சாதாரண குமாஸ்தா எழுத முடியுமா? முடியும் என்று காட்டிய ஒருவரை இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறோம்.

அவர் பெயர் தனஞ்சய் கீர். மகாராஷ்டிரத்தில் ரத்னகிரியில் 1913ல் பிறந்தவர். பிழைப்புக்காகப் பம்பாய்க்கு வந்தவர். அங்கே மாநகராட்சியில் குமாஸ்தா. பகலில் கோப்பு; மற்ற நேரத்தில் எழுத்து. அந்தக் குமாஸ்தா எழுதியவை யாருடைய வாழ்க்கை என்று பாருங்கள். 1950ல் சாவர்க்கர். 1954ல் டாக்டர் அம்பேத்கர். 1959ல் திலகர். 1964ல் ஜோதிராவ் புலே. பிறகு காந்தியடிகள். 1976ல் கோல்ஹாப்பூர் சாகு மகாராஜா. 1971ல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் கொடுத்தது. 1984ல் இறந்தார்.

இந்தப் பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே மேடையில் உட்கார வைக்க முடியுமா இவர்களை? இந்து ராஷ்டிரம் பேசியவர் ஒருவர். 1927 டிசம்பரில் மகாடில் மனுஸ்மிருதியைக் கொளுத்தியவர் இன்னொருவர். பிராமண ஆதிக்கத்தைக் கேள்வி கேட்ட புலே ஒரு பக்கம். சமூகச் சீர்திருத்தம் பிறகு, அரசியல் விடுதலை முதலில் என்ற திலகர் மறுபக்கம். பூனா ஒப்பந்தத்தில் எதிரெதிரே நின்ற காந்தியும் அம்பேத்கரும் வேறு. இத்தனை பேர் வீட்டு வாசலையும் ஒரே குமாஸ்தா மிதித்திருக்கிறார்.

அவருக்குச் சொந்த விருப்பு வெறுப்பு இல்லையா? இருந்தது. மறைக்க வேண்டியதில்லை. சாவர்க்கர் அந்தமான் சிறையிலிருந்தும் பின் மற்றச் சிறைகளிலிருந்தும் வெளிவந்து, 1924 முதல் 1937 வரை ரத்னகிரியை விட்டுப் போகக்கூடாது என்ற கட்டுப்பாட்டில் இருந்தார். எல்லாச் சாதியாருக்கும் திறந்த கோயில் ஒன்று 1931ல் அங்கே அவர் முயற்சியால் எழுந்தது. கீர் அந்த ஊர்ப் பிள்ளை. அந்த ஈர்ப்பு அவர் எழுத்தில் தெரிகிறது. சாவர்க்கர் நூலில் பக்தி அதிகம் என்பது எங்கள் கருத்து.

காந்தி கொலை வழக்கில் சாவர்க்கர் குற்றஞ்சாட்டப்பட்டு, 1949 பிப்ரவரியில் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். அடுத்த ஆண்டே அந்த நூல் வெளிவந்தது. ஊர் முழுதும் கொதித்துக் கொண்டிருந்த நேரத்தில் எழுதிய துணிச்சலை மெச்சலாம். ஆனால் நூல் முடிந்த இடத்தில் வரலாறு முடியவில்லை. 1966ல் அமைந்த கபூர் கமிஷன் 1969ல் கொடுத்த அறிக்கை, சாவர்க்கரையும் அவருடைய கூட்டத்தாரையும் பற்றி நீதிமன்றத் தீர்ப்புக்கு மாறான முடிவைச் சொல்லிற்று. இன்றுவரை இரண்டு கட்சியும் வாதாடிக் கொண்டிருக்கின்றன. வாழ்க்கை வரலாறு என்பது தீர்ப்பல்ல, தோழர்களே. அடுத்து வருகிறவன் சரிபார்ப்பதற்கு வைத்துவிட்டுப் போகிற கணக்குப் புத்தகம்.

அம்பேத்கர் நூலுக்கு வருவோம். சாவர்க்கரிடம் மதிப்பு வைத்த ஒருவர், இந்துவாகச் சாக மாட்டேன் என்று 1935ல் இயோலாவில் அறிவித்த அம்பேத்கரைப் பற்றி எழுதப் புகுந்தார். அதுவும் அம்பேத்கர் உயிரோடு இருக்கும்போதே. தவறாக எழுதினால் மறுநாளே மறுப்பு வரும். உயிரோடு இருக்கிற சிங்கத்தின் பல்லை எண்ணுகிற வேலை அது. கீர் என்ன செய்தார்? கூட்டம் எந்தத் தேதியில் நடந்தது, பத்திரிகை என்ன எழுதியது, எதிர்த்தவர் என்ன சொன்னார் என்று நாள் வாரியாக அடுக்கினார். அம்பேத்கர் நடத்திய 'பகிஷ்கிருத பாரத்', 'ஜனதா' முதலிய பத்திரிகைகளையும், அவரைத் திட்டிய பத்திரிகைகளையும் சேர்த்தே படித்தார். அம்பேத்கர் 1956 அக்டோபரில் நாகபுரியில் பௌத்தம் தழுவி, டிசம்பரில் மறைந்தார். 1962ல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்தக் கடைசி நாட்களையும் சேர்த்தார்.

கீரின் பார்வையில் நமக்கு உடன்பாடில்லாத இடங்கள் உண்டு. அம்பேத்கரை இந்து சமூகச் சீர்திருத்தக்காரராகவே காட்ட அவர் கை நீளுகிற இடங்களில் நாம் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். ஆனாலும் பின்னால் அம்பேத்கரைப் பற்றி எழுத வந்தவர்கள் இந்தப் புத்தகத்தைத் திறக்காமல் போகவில்லை. ஏன்? தேதி இருக்கிறது, ஆதாரம் இருக்கிறது. அவருடைய கருத்தைத் தள்ளிவிட்டு அவருடைய தகவலை எடுத்துக் கொள்ள முடிகிறது. குமாஸ்தா வேலையின் பெருமை அதுதான். கணக்கைச் சரியாக எழுதினால், மேலதிகாரி மாறினாலும் கணக்கு நிற்கும்.

புலே நூலில் வேறு கஷ்டம். புலே இறந்தது 1890ல். கீர் எழுதியது 1964ல். கூட இருந்தவர் யாரும் இல்லை. காகிதம் ஒன்றுதான் சாட்சி. உயிரோடு இருப்பவர்களிடம் கேட்டு எழுதினால் ஒரு கஷ்டம். எல்லாரும் போனபின் எழுதினால் இன்னொரு கஷ்டம். எதுவானாலும் காகிதம் இல்லாவிட்டால் கதையே இல்லை.

சித்திரகுப்தன் கணக்கு

இங்கே ஒரு சின்னச் செய்தி. 1926ல் நம் சென்னையில் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் அச்சானது. பாரிஸ்டர் சாவர்க்கரின் வாழ்க்கை. எழுதியவர் பெயர் 'சித்திரகுப்தன்'. எமலோகத்துக் கணக்கப்பிள்ளையின் பெயர். நம்மைப் போல் குமாஸ்தா உத்தியோகம் பார்ப்பவர். புத்தகம் முழுக்க சாவர்க்கரின் வீரத்துக்குப் புகழ்மாலை. 1987ல் அந்தப் புத்தகத்தின் மறுபதிப்பு வந்தபோது, சித்திரகுப்தன் வேறு யாருமல்ல, சாவர்க்கரேதான் என்று முன்னுரையிலேயே வெளியிட்டார்கள்.

இதைச் சொல்வது கேலிக்காக அல்ல. அரசாங்கக் கட்டுப்பாட்டில் இருந்தவர் புனைபெயரில் எழுதியதற்குக் காரணம் இருக்கலாம். ஆனால் தன் புகழைத் தானே இன்னொருவன் வாயில் வைத்துப் பேசினால், அறுபது ஆண்டு கழித்தாவது கணக்கு உதைக்கும். எந்தத் தலைவராக இருந்தாலும், நமக்கு வேண்டியவராக இருந்தாலும், இந்தப் புத்தகத்தை எழுதியது யார், பணம் கொடுத்தது யார், ஆதாரம் எது என்று கேட்டுவிட்டுப் படிக்கப் பழக வேண்டும்.

நம் வயலில் காத்த காகிதம்

இப்போது வீட்டுக்கு வருவோம். நம் தங்கவயலுக்குப் பெரிய சம்பந்தம் உள்ள ஒருவர், மதத்திலும் அரசியலிலும் பெரும் விவாதத்தைக் கிளப்பியவர், பண்டிதர் அயோத்திதாசர். 1845ல் பிறந்து 1914ல் மறைந்தவர். சித்த மருத்துவர். 1891ல் திராவிட மகாஜன சபை கண்டவர். 1898ல் கர்னல் ஆல்காட்டோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவியவர். 1907 ஜூனில் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வாரப் பத்திரிகை தொடங்கியவர். ஒரே ஒரு பைசா! உழைக்கிறவன் வாங்க வேண்டும் என்று வைத்த விலை.

தாழ்த்தப்பட்ட மக்கள் ஆதியில் பௌத்தர்கள், வீழ்த்தப்பட்டதனால் தாழ்த்தப்பட்டார்கள் என்பது அவர் கட்சி. அதை ஏற்றவர்களும் உண்டு, ஆதாரம் போதாது என்று மறுத்தவர்களும் உண்டு. இன்றும் வாதம் நடக்கிறது. நடக்கட்டும். ஆனால் வாதம் நடத்துவதற்கு அவர் எழுத்து கையில் இருக்க வேண்டுமே!

அந்த எழுத்தைக் காத்ததில் தங்கவயலுக்குப் பங்கு உண்டு. அவர் நடத்திய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. சுரங்கத்தில் ஷிப்ட் முடித்து வந்த மனிதர்கள் அதில் இருந்தார்கள். அவர் மறைந்தபின் நின்றுபோன 'தமிழன்' 1926ல் தங்கவயலிலிருந்து மீண்டும் வந்தது. ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதருடைய எழுத்துகளைச் சிறு சிறு நூல்களாக அச்சிட்டது. பல்கலைக்கழகம் அவரைத் திரும்பிப் பாராத காலத்தில், பூமிக்கு அடியில் வேலை செய்தவர்களுடைய காசில் நடந்த வேலை இது.

பழைய 'தமிழன்' இதழ்களைச் சிலர் வீட்டில் பொத்திப் பொத்திப் பாதுகாத்தார்கள். அன்பு பொன்னோவியம் அவர்களை இங்கே நன்றியோடு நினைக்க வேண்டும். அப்படிக் காத்த இதழ்களைக் கொண்டுதான் ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள், 1999ல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வெளியீடாக வந்தது. பண்டிதர் மறைந்து 85 ஆண்டுகள் கழித்து! 2005ல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது.

யோசித்துப் பாருங்கள். அந்தக் காகிதங்களைக் கரையான் தின்றிருந்தால்? ஒரு மழைக்காலத்தில் அடுப்பெரிக்கப் போயிருந்தால்? அயோத்திதாசர் என்ற மனிதர் இருந்தார் என்பதற்கே மற்றவர்கள் எழுதிய நாலு வரிதான் மிஞ்சியிருக்கும். ஹைதருக்கு பவுரிங் கிடைத்ததுபோல, நமக்கும் எவராவது ஒரு பவுரிங் கிடைத்திருப்பார்.

நாங்கள் செய்த தவறு

ஊருக்கு உபதேசம் செய்கிறோம், நாங்கள் ஒழுங்கா? இதையும் சொல்லிவிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் லைனில் வாழ்ந்து மறைந்த ஒரு தொழிற்சங்கப் பெரியவரைப் பற்றிச் சிறு புத்தகம் போட நினைத்தோம். பெயர் வேண்டாம். முப்பது வருடம் சுரங்கத்தில் இறங்கியவர். நெஞ்சில் தூசி சேர்ந்து இருமி இருமிச் செத்தவர். எத்தனையோ விதவைகளுக்கு மனு எழுதிக் கொடுத்தவர். நாங்கள் விசாரித்துக் கொண்டு போனபோது ஒரு செய்தி கிடைத்தது. இளம் வயதில், ஒரு வேலைநிறுத்தத்தின் நடுவில், மூன்று நாள் அவர் வேலைக்கு இறங்கியிருக்கிறார். கருங்காலி என்று பெயர் வாங்கியிருக்கிறார்.

நாங்கள் உட்கார்ந்து பேசினோம். இதைப் போட்டால் எதிர்க்கட்சிக்காரன் பிடித்துக் கொள்வான், குடும்பத்துக்கு அவமானம், இளைஞர்களுக்குத் தவறான உதாரணம் என்றெல்லாம் நியாயம் கண்டுபிடித்து, அந்தப் பகுதியை எடுத்துவிட்டோம். கையெழுத்துப் பிரதியை அவர் மகளிடம் படித்துக் காட்டினோம். அந்த அக்கா முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்:

"நல்லா இருக்கு தம்பிங்களா. ஆனா இது எங்கப்பா இல்லையே. அந்த மூணு நாளைப் பத்தி சாகிற வரைக்கும் சொல்லிச் சொல்லி அழுவாரே. அண்ணனுக்குக் காய்ச்சல், வீட்டுல ஒரு படி அரிசி இல்ல, அதனால இறங்கினேன், அந்தப் பாவத்தைக் கழிக்கத்தான் சங்கத்துக்கு உழைக்கிறேன்னு சொல்லுவாரு. அதை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு? யாரோ ஒரு சாமி கதை மாதிரி இருக்கு."

எங்களுக்குத் தலை குனிந்துவிட்டது. பவுரிங் துரை தலைப்பில் செய்ததை நாங்கள் கத்தரிக்கோலால் செய்திருக்கிறோம். சித்திரகுப்தன் செய்ததை நாங்கள் இரவல் பேனாவில் செய்திருக்கிறோம். அந்த மூன்று நாளை மறைத்ததனால் அவருடைய முப்பது வருடத்துக்கே அர்த்தம் இல்லாமல் போயிற்று. பசி எப்படி ஒரு நல்ல தொழிலாளியைக் கருங்காலியாக்குகிறது, அவன் எப்படி மீண்டு எழுகிறான் என்பதல்லவா இளைஞர்கள் தெரிந்து கொள்ள வேண்டிய பாடம்? அந்தப் பகுதியைத் திரும்பச் சேர்த்தோம். மகளுடைய சம்மதத்தோடு, அவர் சொன்ன சொல்லிலேயே சேர்த்தோம்.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே, 2001 பிப்ரவரி 28ல் சுரங்கம் மூடப்பட்டது. சங்கு நின்று கால் நூற்றாண்டு ஆகிறது. நூற்றிருபது ஆண்டுக் கதை அது. கம்பெனியின் கதை கம்பெனியின் கணக்கில் இருக்கிறது. எத்தனை டன் கல், எத்தனை அவுன்ஸ் தங்கம் என்று எல்லாம் எழுதியிருக்கிறார்கள். நம் ஆட்களைப் பற்றி என்ன எழுதினார்கள்? 1930ல் ஒவ்வொரு தொழிலாளியின் கைரேகையையும் கட்டாயமாகப் பதிவு செய்ய உத்தரவு போட்டார்கள். எங்களைக் குற்றவாளியாக நடத்தாதே என்று நம் முன்னோர் வேலையை நிறுத்தினார்கள். ஜானகி நாயர் மைசூர்த் தொழிலாளரைப் பற்றி 1998ல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில் அந்தப் போராட்டத்தை எழுதியிருக்கிறார். ஆனால் அன்று வெளியே நின்ற ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்? நம் சொந்தத் தாத்தா அன்று எங்கே நின்றார் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆகவே சங்கத்தின் சார்பில் சில வேண்டுகோள்கள்.

முதலாவது, காகிதத்தை எரிக்காதீர்கள். பழைய சம்பளச் சீட்டு, பி.எப். சீட்டு, வேலை நீக்க உத்தரவு, சங்க நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, ஊரிலிருந்து வந்த கடிதம், குடும்பப் படம் எல்லாம் ஆவணம்தான். வீட்டைக் காலி செய்கிறவர்கள் பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுமுன் சங்கத்தைக் கூப்பிடுங்கள். நகல் எடுத்துக் கொண்டு மூலத்தைத் திருப்பித் தருகிறோம்.

இரண்டாவது, எழுபது எண்பது வயதுப் பெரியவர்களிடம் இந்த மாதமே உட்கார்ந்து பேசுங்கள். இளைஞர்கள் கையில் செல்போன் இருக்கிறது. பாட்டுக் கேட்கிற கருவியில் பாட்டி குரலையும் பதிவு செய்யுங்கள். பதிவு செய்கிறோம் என்று முதலிலேயே சொல்லி, சம்மதம் கேட்டுச் செய்யுங்கள். வெளியிட வேண்டாம் என்று அவர்கள் சொன்னதை வெளியிடாதீர்கள்.

மூன்றாவது, தேதி போடுங்கள். யார் சொன்னது, எங்கே, எப்போது என்று எழுதுங்கள். படத்தின் பின்னால் பெயர் எழுதுங்கள். கீர் என்ற குமாஸ்தாவின் புத்தகம் நிற்பதற்குக் காரணம் அதுதான்.

நான்காவது, மாற்றுக் கட்சிக்காரரையும் கேளுங்கள். நம் லைனில் எல்லாக் கட்சியும் இருந்தது. காங்கிரஸ், கம்யூனிஸ்ட், குடியரசுக் கட்சி, திராவிடக் கட்சிகள். பௌத்தரும் கிறிஸ்தவரும் இந்துவும் இஸ்லாமியரும் ஒரே ஷாப்டில் இறங்கினார்கள். நம் தலைவரை அவர்கள் ஏன் எதிர்த்தார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதினால், நம் தலைவர் குறைந்து போக மாட்டார்.

ஐந்தாவது, பெண்களின் வாழ்க்கையை எழுதுங்கள். இதுவரை சொன்ன வாழ்க்கை வரலாறுகளில் ஒரு பெண்ணுடையது கூட வரவில்லை என்பதை இங்கே உட்கார்ந்திருக்கிற தாய்மார்கள் கவனித்திருப்பீர்கள். அது எங்கள் குறை மட்டுமல்ல, எழுதியவர்கள் எல்லாருடைய குறையும்தான். ஷாப்டில் இறங்கியவன் திரும்பி வருவானா என்று ஒவ்வொரு ஷிப்டும் வாசலில் நின்றவளுடைய கதை எந்தக் கம்பெனிக் கணக்கில் இருக்கிறது? அதை நீங்கள் சொன்னால்தான் உண்டு.

நமக்கு எழுத வராது, படிப்பில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். நாங்களும் மெட்ரிகுலேஷனோடு நின்றவர்கள்தான். மாநகராட்சிக் கோப்பு எழுதிய கையே அம்பேத்கர் வாழ்க்கையையும் எழுதிற்று. ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த கைகளே 'தமிழன்' பத்திரிகையைக் காப்பாற்றின. நம் மாத இதழில் உங்களுக்கென்று பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். ஒரு பக்கம் எழுதினாலும் போடுகிறோம். எழுத்துப் பிழையை நாங்கள் பார்த்துக் கொள்கிறோம். உண்மையை மட்டும் நீங்கள் பார்த்துக் கொள்ளுங்கள்.

அந்த அக்காவும் இன்று கூட்டத்துக்கு வந்திருக்கிறார். அப்பாவுடைய பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு கட்டுக் காகிதம் கொண்டு வந்திருக்கிறார். சாப்பிட்ட பிறகு அதைப் பிரித்துப் பட்டியல் எழுத வேண்டும். எழுதத் தெரிந்த பிள்ளைகள் நாலு பேர் பேனாவோடு முன்னால் வாருங்கள்.